புளியங்குளமும் புளி சேராப் பத்தியமும்

வவுனியாவிலிருந்து ஏ9 வீதியில் வடக்கே போகிறவர்கள் ஓமந்தையைத் தாண்டினால் அடுத்துப் புளியங்குளம் சந்தி. வலப்பக்கம் பிரியும் பாதை நெடுங்கேணிக்குப் போய் அப்படியே முல்லைத்தீவுப் பக்கம் இறங்குகிறது. ஊரின் பெயருக்குள் இருப்பவை ஒரு மரமும் ஒரு நீர்நிலையும். வன்னியில் மருந்து எடுக்கிற ஒருவருக்கு முதலில் மறிக்கப்படுவது புளி. அடுத்து எல்லோரும் விசாரிப்பது, என்ன தண்ணீர் குடித்தார் என்று. ஊருக்குப் பெயர் வைத்தவர்கள் இதையெல்லாம் யோசித்திருக்கமாட்டார்கள். ஆனாலும் மருந்தும் சாப்பாடும் வன்னியில் எப்படிச் சேர்ந்து வாழ்ந்தன என்ற கதையைத் தொடங்க இதைவிட வாய்ப்பான ஊர் கிடையாது.

மருந்தை வாங்கிக்கொண்டு எழும்புகிற நோயாளி, வாசலில் நின்று திரும்பி ஒன்று கேட்பார்: “என்ன பத்தியம்?” நாட்டு வைத்தியரான பரியாரியார் காலத்திலும் அதைத்தான் கேட்டார்கள், ஆஸ்பத்திரி வந்த பிறகும் அதைத்தான் கேட்கிறார்கள். பரியாரியாரிடம் அதற்கு நீளமான பதில் இருந்தது. ஆஸ்பத்திரியில் பெரும்பாலும், “ஒன்றுமில்லை, எல்லாம் சாப்பிடலாம்” என்ற பதில் வருகிறது. இரண்டு பதில்களுமே பாதிதான் சரி.

தண்ணீரிலிருந்து தொடங்கலாம். வன்னி குளங்களின் நாடு. கோடையில் குளம் வற்றி, மாடும் எருமையும் இறங்கிக் கலக்கிய சேற்றுநீர் மட்டும் எஞ்சும் நாட்களில் காய்ச்சலும் வயிற்றோட்டமும் சேர்ந்தே வந்தன. கலங்கல் நீரைத் தெளியவைக்கத் தேத்தாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரைத்துவிடுவார்கள். மண் அடியில் தங்கும். கிருமி போகாது. அதற்குக் கொதிக்கவைக்க வேண்டும். காய்ச்சல்காரருக்குக் கொதித்தாறின தண்ணீர்தான் என்ற வழக்கம், கிருமி என்ற சொல்லை யாரும் கேள்விப்படாத காலத்திலேயே இருந்தது.

இந்தத் தண்ணீரோடு போராடிய ஒருவரின் சாட்சியம் எழுத்தில் இருக்கிறது. 1660இல் கொட்டியாரத்தில் பிடிபட்டுக் கண்டி அரசின் கைதியாக ஏறக்குறைய 20 ஆண்டுகள் இருந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், சிறுசரக்கு விற்கும் சாக்கில் வடபகுதிக் காடுகளில் அலைந்து, 1679இல் அருவியாற்றை ஒட்டி நடந்து அரிப்புக்குத் தப்பி ஓடினார். அந்தப் பயணங்களில் குளத்து அழுக்குநீரைக் குடித்து அவரும் தோழரும் திரும்பத் திரும்பக் காய்ச்சலில் விழுந்தார்கள். கடைசியில் ஊர் மக்களிடமிருந்து ஒரு மாற்று மருந்து கற்றுக்கொண்டதாக எழுதுகிறார்: காய்ந்த ஓர் இலை, அதை இடித்துத் தூளாக்கி, நாட்டுச் சர்க்கரையோடு சேர்த்து, காலையும் மாலையும் வெறுவயிற்றில் தின்ன வேண்டும். தலை கிறுகிறுக்கும், வேறொன்றும் செய்யாது என்றும் சொல்கிறார். அந்த இலை கஞ்சா. 1681இல் நொக்ஸின் புத்தகம் இலண்டனில் வெளிவந்தது. எட்டு ஆண்டுகள் கழித்து விஞ்ஞானி றொபேட் ஹூக் இந்த இலையைப் பற்றி றோயல் சொசைட்டியில் உரையாற்றினார்.

இலையைவிட இங்கே கவனிக்க வேண்டியவை சர்க்கரையும் வெறுவயிறும். மருந்து எதனோடு, எந்த வேளையில், எந்த வயிற்றில் என்ற மூன்றும் அந்த ஒரு வாக்கியத்துக்குள் இருக்கின்றன. சித்த வைத்தியத்தில் இந்தக் கூட்டுப்பொருளுக்கு அனுபானம் என்று பெயர். ஒரே சூரணத்தைச் சளிக்குத் தேனிலும், வேறொன்றுக்கு நெய்யிலும், இன்னொன்றுக்கு இஞ்சிச் சாற்றிலோ சுடுதண்ணீரிலோ குழைத்துக் கொடுப்பார்கள். அனுபானம் பிழைத்தால் மருந்து பிழைத்தது என்பது பரியாரிகளின் துணிபு. ஒரு மருந்தின் வேலையில் அது கரைந்திருக்கும் திரவத்துக்கும் பங்குண்டு என்ற இந்த எண்ணத்தை இன்றைய மருந்தியலும் மறுக்காது.

நொக்ஸுக்குப் பின் 200 ஆண்டுகள் கழித்து வன்னியை அரசாங்க ஆவணங்களில் பிரபலமாக்கியது பறங்கி வியாதி. தோலில் புண்ணாகத் தொடங்கி எலும்புவரை தின்னும் நோய். குழந்தைகளை அதிகம் தாக்கியது. பறங்கியர் கொண்டுவந்தது என்ற நம்பிக்கையில் அந்தப் பெயர். இலங்கையின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த டபிள்யூ. ஆர். கின்சி 1881இல் இதைப் பற்றித் தனி அறிக்கையே எழுதினார். பட்டினியும் கெட்ட தண்ணீரும்தான் காரணம் என்பது அக்காலத்து அதிகாரிகள் பலரின் கருத்து. குளங்களைத் திருத்தினால் நோய் குறையும் என்று வாதாடியவர்கள் உண்டு. காரணத்தைப் பிழையாகச் சொன்னாலும் குளம் திருத்தியது நல்ல காரியம்தான்.

இந்த மாதிரிப் புண்களுக்குச் சித்த வைத்தியம் கொடுத்த மருந்துகளில் ஒன்றின் பெயரிலும் பறங்கி இருக்கிறது: பறங்கிப்பட்டை. பெயரில் பட்டை என்றாலும் அது சீனத்திலிருந்து வந்த ஒரு கொடியின் கிழங்கு. 1563இல் கோவாவில் அச்சான தன் நூலில் போர்த்துக்கேய வைத்தியர் கார்சியா த ஓர்ட்டா இதைப் பற்றி ஒரு உரையாடல் முழுவதையும் எழுதியிருக்கிறார். அதற்கு முன்பே, 1546இல், உடற்கூற்றியலின் தந்தை எனப்படும் வெசாலியஸ் இந்தக் கிழங்கின் குடிநீரைக் காய்ச்சிக் கொடுக்கும் முறையைப் பற்றி ஒரு நீண்ட கடிதத்தை நூலாக வெளியிட்டார். அவர் பணிபுரிந்த பேரரசர் ஐந்தாம் சார்ள்ஸே வாதநோய்க்கு இதைக் குடித்தவர்.

ஐரோப்பா இந்தக் கிழங்கை விரும்பியதற்குப் பின்னால் ஒரு பத்தியக் கதை இருக்கிறது. அதற்கு முன் அங்கே மேகப்புண்ணுக்குப் புகழ்பெற்றிருந்தது அமெரிக்காவிலிருந்து வந்த குவாயக்கம் என்ற மரக்கட்டைக் குடிநீர். அதைக் குடிக்கிறவரை மூடிய சூடான அறையில் வாரக்கணக்கில் போட்டு, உயிர் தங்கும் அளவுக்கு மட்டும் உணவு கொடுப்பார்கள். ஊல்ரிக் வொன் ஹுட்டன் என்ற ஜேர்மன் எழுத்தாளர் அந்த அனுபவத்தை 1519இல் நூலாகவே எழுதினார். சீனக்கிழங்கோ அவ்வளவு கடும் பத்தியம் கேட்கவில்லை; அதுவே அதற்கு நல்ல விளம்பரமாயிற்று. பத்தியம் கீழைநாட்டு மூடவழக்கம் என்று நினைப்பவர்கள் ஹுட்டனின் அந்த அறையை ஒருதரம் எட்டிப் பார்க்கலாம்.

வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் பறங்கிப்பட்டையோடோ இரச மருந்துகளோடோ வந்தது உப்பும் புளியும் தள்ளிய பத்தியம். சுண்டைக்காயளவு உப்புக்கூட இல்லாத சோற்றை நாற்பது நாளைக்குத் தின்பது என்றால் என்ன என்று ஒருநாள் தின்று பார்த்தவருக்குத்தான் விளங்கும். 1905இல் கொழும்பில் பணியாற்றிய இத்தாலிய மருத்துவர் அல்டோ கஸ்தெல்லானி, பறங்கிப் புண்ணிலிருந்து அந்த நோயின் கிருமியைக் கண்டுபிடித்தார். பிறகு ஆசனிக் ஊசிகளும், அவற்றுக்குப் பின் பெனிசிலின் ஊசியும் வந்தன. ஊசி வயிற்றைத் தொடாமல் நேரே உடம்புக்குள் போகிறது. என்ன சாப்பிட்டீர் என்று அது கேட்பதில்லை. நம் ஊர்களில் இன்றும், “குளிசை வேண்டாம், ஊசி போடுங்கோ” என்று கேட்கிறவர்களின் ஆசைக்குப் பின்னால் இந்தப் பத்தியமில்லா விடுதலையின் நினைவும் கொஞ்சம் இருக்கக்கூடும்.

பரியாரியாரின் பத்தியம் எப்படிப்பட்டது? அதற்கென்று ஓர் இலக்கணமே இருந்தது. மருந்து எடுக்கிற நாட்களுக்குப் பத்தியம். மருந்து முடிந்தபின் அதே அளவு நாட்களுக்கு மறுபத்தியம். தடுக்கப்பட்டவை புளி, மிளகாய், கடுகு, நல்லெண்ணெய், பூசணி, மாங்காய், கருவாடு. புண், சொறி, வெட்டுக்காயம் என்றால் கிரந்திச் சாப்பாடு ஆகாது: இறால், நண்டு, கணவாய், அன்னாசி. முற்றிய கத்தரிக்காய் கூடாது, ஆனால் கத்தரிப்பிஞ்சு கூடும். முருங்கைப்பிஞ்சும் அவரைப்பிஞ்சும் கூடும். பிஞ்சுக்குச் சலுகை, முற்றலுக்குத் தடை. அகத்திக்கீரையைப் பக்கத்திலும் கொண்டுவரக்கூடாது. அது மருந்தை முறிக்கும்.

பத்தியச் சமையலை ஒருமுறை கிட்டநின்று பார்த்தால் அதன் நுட்பம் தெரியும். மல்லி, மிளகு, நற்சீரகம், வேர்க்கொம்பு, மஞ்சள் எல்லாவற்றையும் எண்ணெய் இல்லாத சட்டியில் இலேசாக வறுப்பார்கள். மல்லி பொரியத் தொடங்கி வாசம் எழும்பியதும் இறக்கிவிட வேண்டும், கருகினால் கைக்கும். பிறகு அம்மியில் வைத்துத் தண்ணீர் தெளித்துத் தெளித்து, உள்ளியையும் சேர்த்துப் பட்டுப்போல அரைப்பார்கள். கரகரப்பாக இருந்தால் வயிற்றில் நிற்காது என்பார்கள். அரைத்த கூட்டைத் தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவிட்டு, அதற்குள் முருங்கைப்பிஞ்சோ, குளத்து விரால் மீனின் இரண்டு துண்டோ. தாளிதம் இல்லை, புளி இல்லை. பிள்ளை பெற்றவளுக்கு என்றால் உள்ளி கூடுதலாகச் சேரும், பால்சுறா கிடைத்தால் வறை வரும். குழைய அவித்த பழைய அரிசிச் சோற்றில் இதை ஊற்றிச் சாப்பிட்டால் காய்ச்சலில் செத்துக் கிடந்த நாக்குக்கும் ருசி வரும். பத்தியக்கறிக்காகவே காய்ச்சல் வராதா என்று ஏங்கிய பிள்ளைகள் வன்னியில் இருந்திருக்கிறார்கள்.

குடிநீருக்கும் கணக்குண்டு. சரக்குகளை இடித்து மண்சட்டியில் போட்டு எட்டுப் பங்கு தண்ணீர் விட்டால் ஒரு பங்காக வற்றவேண்டும். அடுப்பு எரியவிடாமல் சிறுதணலில் அரைநாள். தெற்கில் ‘பஸ்பங்குவ’ என்று பைக்கற்றில் விற்கிற ஐந்து சரக்குக் குடிநீரும் இதே குடும்பம்தான்: மல்லி, வேர்க்கொம்பு, கண்டங்கத்தரி, பற்படாகம், மரமஞ்சள்.

இந்த விதிகளெல்லாம் வாய்வழி மட்டும் வந்தவை அல்ல. யாழ்ப்பாண அரசர்களின் பெயரைத் தாங்கிய ‘பரராசசேகரம்’, ‘செகராசசேகரம்’ ஆகிய மருத்துவ நூல்கள் ஏட்டில் வாழ்ந்தன, ஏழாலை ஐ. பொன்னையபிள்ளை அவற்றை 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அச்சேற்றினார். இந்த மரபு 1984இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குள்ளும் ஒரு சித்த மருத்துவ அலகாக இடம்பிடித்தது. வன்னிப் பரியாரிகள் பலர் ஏட்டையும் வைத்திருந்தார்கள், காட்டையும் அறிந்திருந்தார்கள். புளியங்குளத்தை அடுத்த புதூர் நாகதம்பிரான் கோயில் சுற்றுவட்டாரத்தில் பேர்பெற்றது. நாகத்தைக் கும்பிடுகிற ஊர்களில் விஷகடி வைத்தியமும் வேரூன்றியிருந்ததில் வியப்பில்லை. கடிபட்டவரை அன்றிரவு தூங்கவிடமாட்டார்கள் என்பது அதன் பத்தியங்களில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று.

ஒரு உண்மையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பத்தியம் நோயாளிக்கு எவ்வளவு காவலோ, பரியாரிக்கும் அவ்வளவு காவல். மருந்து கேட்கவில்லையா? “பத்தியம் முறிச்சுப்போட்டார்” என்று ஒரு வார்த்தையில் வழக்கு முடிந்துவிடும். நாற்பது நாளில் ஒருநாள் கூட நாக்கு வழுக்காத மனிதர் யார்?

மேலை வைத்தியமும் பத்திய விஷயத்தில் வெகுகாலம் சுத்தமாக இருக்கவில்லை. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார்; ‘வைத்தியாகரம்’, ‘இரண வைத்தியம்’ போன்ற நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். அவர் காலத்துக்குச் சற்று முன்புவரை ஐரோப்பாவில் காய்ச்சல்காரரைப் பட்டினி போடுவதும், வாந்திபேதிக்காரருக்குத் தண்ணீர் மறுப்பதும் மரியாதையான வைத்தியம். டப்ளின் நகர மருத்துவர் றொபேட் கிறேவ்ஸ் அதை எதிர்த்து, காய்ச்சல்காரருக்குச் சாப்பாடு கொடுத்தவன் என்று தன் கல்லறையில் எழுதினால் போதும் என்றார். பேதிக்குத் தண்ணீர் மறுக்கும் வழக்கம் நம் கிராமங்களில் அதற்குப் பிறகும் நெடுங்காலம் நீடித்தது. ஜீவனி பைக்கற் வீடு வீடாகப் போய்ச்சேர்ந்த பிறகே, உப்பும் சீனியும் கரைத்த தண்ணீர்தான் பேதிக்கு முதல் மருந்து என்று ஊர் ஏற்றுக்கொண்டது. உப்புத் தள்ளுகிற பத்தியத்தில் வளர்ந்த ஊர், உப்பை மருந்தாக ஏற்றது ஒரு சின்னப் புரட்சி.

வன்னியின் பெருநோய் மலேரியா. 1934-35இல் இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேரைக் கொன்ற பெருங்கொள்ளைநோய், வன்னியைவிட ஈரவலய ஓரங்களையே அதிகம் தாக்கியது. வன்னிக்காரருக்கு அது ஆண்டுதோறும் வருகிற பழைய விருந்தாளி. குழந்தையில் பிழைத்தவர் உடம்பில் கொஞ்சம் எதிர்ப்பு இருந்தது. கொயினாவின் கைப்பைத் தாங்க நாக்கில் சர்க்கரை வைத்து விழுங்கினார்கள். 1946இல் டி.டி.ரி. தெளிப்புத் தொடங்கியது. 1963இல் நாடு முழுவதிலும் பதிவானவை 17 நோயாளிகள். வெற்றி என்று கையைக் கழுவியதும் நோய் திரும்பியது: 1969இல் ஐந்து இலட்சத்துக்கு மேல். போர்க்காலத்தில், 1999இல், இரண்டரை இலட்சத்தைத் தாண்டியது. அதில் வடக்கு கிழக்கின் பங்கு பெரிது.

மலேரியாவுக்கான குளோரோகுயினும் பிறிமாகுயினும் வெறுவயிற்றில் எடுத்தால் பிரட்டும், வயிற்றைப் பிடிக்கும். ஏதாவது சாப்பிட்டபின் எடுக்கவேண்டும். காய்ச்சல்காரருக்குக் கஞ்சித்தெளிவு மட்டும் என்ற பழைய பத்தியம் இங்கே மருந்தோடு மோதியது: குளிசை உள்ளே போய்ப் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடும். ஆர்ட்டிமீற்றரோடு லூமிஃபான்ட்ரின் சேர்ந்த பிற்காலத்துக் குளிசை இன்னும் ஒருபடி மேல். அது கொழுப்போடு போனால்தான் இரத்தத்தில் ஒழுங்காக ஏறும். ஒரு கோப்பைப் பாலாவது வேண்டும். கொழுப்பைத் தள்ளுகிற பத்தியக்காரர் அதை வெறுங்கஞ்சியோடு விழுங்கினால் மருந்து பாதியாகிவிடும். உள்நாட்டு மலேரியாவின் கடைசி நோயாளி 2012 ஒக்ரோபரில் பதிவானார். 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.

அப்படியானால் பரியாரியின் பத்தியமெல்லாம் வீண்தானா? கடந்த அறுபது எழுபது ஆண்டுகளின் மருந்தியலைப் புரட்டினால் வேறொரு கதை தெரிகிறது. ஆஸ்பத்திரி மருத்துவமும் தன் பத்தியங்களை ஒவ்வொன்றாக, பெரும்பாலும் தற்செயலாக, கண்டுபிடித்துக்கொண்டிருந்தது.

1963இல் இலண்டனில் மனச்சோர்வு மருந்து எடுத்தவர்களுக்குத் திடீரென்று மண்டை பிளக்கும் தலையிடி வந்தது. சீஸ் தின்ற அன்று மட்டும் வருகிறது என்று தன் மனைவியைக் கவனித்து எழுதியவர் ஒரு மருந்தாளர். பாரி பிளாக்வெல் என்ற இளம் மருத்துவர் அதைத் துருவி நிறுவினார். 1979இல் இங்கிலாந்தில் நீரிழிவுக் குளிசை எடுத்துக்கொண்டிருந்த பாகிஸ்தானியப் பெண்ணொருவருக்குப் பாகற்காய்க் கறி சாப்பிட்டபோது சீனி மேலும் இறங்கியது மருத்துவ ஏடான ‘லான்செற்’றில் அச்சானது, பாகலும் குளிசையும் ஒரே திசையில் வேலை செய்திருந்தன. 1989இல் கனடாவில் டேவிட் பெய்லி ஒரு பிறசர் மருந்தை மதுவோடு சேர்த்துச் சோதித்தார். மதுவின் சுவையை மறைக்கக் கிரேப்ஃபுரூட் சாற்றைக் கலந்தார். இரத்தத்தில் மருந்து எதிர்பாராத அளவுக்கு ஏறியது. காரணம் அந்தச் சாறு. நம் பம்பளிமாசுக்கு நெருங்கிய உறவுப் பழம் அது. குடலில் மருந்தைச் சிதைக்கும் ஒரு நொதியை அது முடக்கிவிடுகிறது.

இலங்கைக்கும் இந்த வரிசையில் ஓர் இடமுண்டு, ஆனால் நம்மவர் பலருக்கு அது தெரியாது. கொழும்புக்கு வடக்கே வெலிசறை மார்புநோய் ஆஸ்பத்திரியில் மருத்துவராக இருந்தவர் சி. ஜி. உறகொட, பின்னர் இலங்கை மருத்துவ வரலாற்றை எழுதியவரும் அவரே. கசரோகத்துக்கு ஐசோனியசிட் குளிசை எடுக்கும் நோயாளிகள் சிலர், சூரை இன மீன் சாப்பிட்டதும் முகம் சிவந்து, தலையிடித்து, நெஞ்சு படபடத்து, கண் சிவந்து துடித்தார்கள். அதே மீனைச் சாப்பிட்ட மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. உறகொடவும் கொழும்பு மருந்தியல் பேராசிரியர் எஸ். ஆர். கொத்தேகொடவும் 1977இல் இதை வெளியிட்டார்கள். சூரை போன்ற மீன்கள் வெயிலில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்ரமின் என்ற பொருள் பெருகும். எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அழியாது. சாதாரணமாக நம் உடம்பு அதை உடைத்துவிடும். ஐசோனியசிட் அந்த உடைக்கும் வேலையைத் தடுக்கிறது. கடற்கரையிலிருந்து மோட்டார் சைக்கிள் பெட்டியில் உள்ளூருக்கு மீன் வருகிற புளியங்குளம் போன்ற இடங்களில் இது ஏட்டுச் செய்தி அல்ல. பெட்டியில் ஐஸ் எவ்வளவு இருந்தது என்பதைப் பொறுத்தது.

கருவாட்டையும் இறாலையும் தள்ளு என்ற பரியாரி இதையெல்லாம் அறிந்துதான் சொன்னார் என்று கதை கட்டத் தேவையில்லை. அகத்தியில் கல்சியம் மிகுதி. ரெற்றாசைக்கிளின், சிப்ரோஃப்ளொக்ஸசின் போன்ற மருந்துகளைக் கல்சியம் குடலிலேயே கட்டிப்போடும். ஆனால் அகத்தியை மறித்த பரியாரியிடம் ரெற்றாசைக்கிளின் இருக்கவில்லை. ஒரு சாப்பாடு மருந்தின் வேலையைக் கூட்டலாம், குறைக்கலாம், திருப்பலாம் என்ற கேள்வியை அவர் விடாமல் வைத்திருந்தார். பாராட்ட வேண்டியது அதைத்தான். அவர் பட்டியல் பிழைத்த இடங்கள் நிறைய.

புளியே அதற்குச் சாட்சி. 1996இல் நைஜீரிய ஆய்வாளர்கள், சிலருக்குப் புளி சேர்ந்த உணவோடு அஸ்பிரின் கொடுத்துப் பார்த்தார்கள். இரத்தத்தில் அஸ்பிரினின் அளவு கூடியது. புளி மருந்தை முறிக்கவில்லை, ஏற்றிவிட்டது. கூடுதலும் ஆபத்தாகலாம் என்பதால் பரியாரிக்குப் பாதி மதிப்பெண் போடலாம்.

கர்ப்பிணிகள் விஷயத்தில் இந்த இழுபறி இன்னும் தீரவில்லை. கிளினிக்கில் இரும்புச்சத்துக் குளிசையும் விற்றமின் சியும் கல்சியமும் கொடுப்பார்கள். இரும்பையும் கல்சியத்தையும் ஒரே நேரத்தில் விழுங்கக்கூடாது. இரும்பைத் தேத்தண்ணியோடு விழுங்கவே கூடாது. தேயிலையின் துவர்ப்புப் பொருள் இரும்பைக் கட்டிப்போடுவதை 1975இல் தென்னாபிரிக்க ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். தேயிலைக்குப் பேர்போன தீவில், காலையில் வெறுந்தேத்தண்ணியோடு குளிசையை விழுங்கும் தாய்மார் எத்தனை பேர் என்று மருத்துவமாதுகளைக் கேட்டால் சிரிப்பார்கள். தேசிக்காய்த் தண்ணியோடு எடுத்தால் இரும்பு நன்றாகச் சேரும். ஆனால் பிள்ளை பெற்ற வீட்டில் தேசிக்காய் புளிப்பு. பழைய பத்தியம் அதை மறிக்கும். உள்ளியும் மிளகும் மீனும் தருகிற அதே பத்தியம், கீரையையும் பழத்தையும் தண்ணீரையும் குறைக்கச் சொல்லும்போது தாய்க்கு எதிராக நிற்கிறது. இங்கே பாட்டியோடு சண்டை பிடிக்காமல் பாதியை எடுத்துப் பாதியை விடுகிற மருத்துவமாதுதான் கெட்டிக்காரி.

பத்தியம் என்பது விலக்குவதற்கு ஏதாவது இருக்கிறவர்களின் சட்டம். 1997 மே 13இல் ‘ஜெயசிக்குறு’ படைநடவடிக்கை தொடங்கியபோது புளியங்குளம் மாதக்கணக்கில் போர்முனையாக இருந்தது; ஊர் காலியாயிற்று. பொருட்கள் வன்னிக்குள் போவதற்குத் தடையும் அளவும் இருந்த காலம். மருந்துகளும் அதற்குத் தப்பவில்லை. அந்த ஆண்டுகளில் மரத்தடியிலும் கொட்டிலிலும் கிடந்த காய்ச்சல்காரரிடம் யாரும் புளியைத் தள்ளச் சொல்லவில்லை. 2009இல் போரின் கடைசிக் கட்டத்தில் அரிசியும் உப்பும் தண்ணீருமாகக் கொதித்த கஞ்சிதான் காயப்பட்டவருக்கும், பிள்ளைத்தாய்ச்சிக்கும், சலரோகக்காரருக்கும் ஒரே உணவு. அதை இன்று ஒவ்வொரு மே மாதத்திலும் முள்ளிவாய்க்கால் கஞ்சி என்று காய்ச்சிப் பகிர்கிறார்கள். அதற்குப் பத்தியம் என்று பெயர் வைக்க முடியாது.

ஊர் திரும்பியது. 1990இல் நின்றுபோன வடபகுதி ரயிலும் 2013இல் கிளிநொச்சிவரை ஓடத் தொடங்கி மறுபடி இவ்வழியாகப் போகிறது. இப்போது வரிசையில் நிற்கிறவர்களின் நோய்கள் வேறு: பிறசர், சலரோகம், கொலஸ்ட்ரோல். வவுனியா மாவட்டத்தில் காரணம் தெளியாத சிறுநீரக நோயும் உண்டு. அவர்களுக்கு உப்பும் தண்ணீரும் பழமும்கூட டொக்டர் அளந்து சொல்கிற பத்தியம். ஒரு காலத்தில் உப்பைத் தள்ளச் சொன்ன பரியாரியைப் பார்த்துச் சிரித்தவர்களின் பிள்ளைகள், இன்று உப்பைக் குறைக்கச் சொல்லும் துண்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு போகிறார்கள்.

மருந்து கொடுக்கிற சின்னக் காகித உறையில் எழுதியிருப்பது பெரும்பாலும் இரண்டு வார்த்தைதான்: சாப்பாட்டுக்கு முன், அல்லது சாப்பாட்டுக்குப் பின். எந்தச் சாப்பாடு, எதனோடு என்பதற்கு அதில் இடமில்லை. ஆகவே “என்ன பத்தியம்?” என்று கேட்கிறவரைப் பார்த்துச் சிரிக்க ஒன்றுமில்லை. கேளுங்கள்; “எல்லாம் சாப்பிடலாம்” என்றால், தேத்தண்ணியோடு விழுங்கலாமா, பாலோடு எடுக்கலாமா என்று பெயர் சொல்லி இன்னொருதரம் கேளுங்கள். வீட்டில் பரியாரியாரின் குடிநீரும் குடிக்கிறீர்கள் என்றால் டொக்டரிடம் அதை மறைக்காமல் சொல்லுங்கள். பாகற்காய்ச் சாறு குடிக்கிற சலரோகக்காரர் முதலில் சொல்லட்டும். கசரோகத்துக்குக் குளிசை எடுக்கிற ஒருவர் வீட்டில் இருந்து, அன்றைக்குச் சந்தியில் சூரை வாங்கியிருந்தால், அவருக்கு மட்டும் வேறு கறி வையுங்கள்.